பிளேன்டீ வருவதற்குள் திறக்கும் பக்கம்

போன மாதம் அந்த மாமா வந்தபோது நீங்கள் இருவரும் வீட்டில் இருந்தீர்கள். அவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே நான் பின்கதவால் இறங்கி மரக்கறிப் பாத்திக்குப் போய்விட்டேன். அவர் போன பிறகு சின்னவன் கேட்டான்.

"ஏம்ப்பா, அந்த மாமா சொக்லட்டெல்லாம் கொண்டாறாரு. நீங்க ஏன் ஓடுறீங்க?"

கோவா இலையில் புழு பிடித்திருக்கிறது, அதைப் பார்க்கப் போனேன் என்று சமாளித்தேன். புழுவும் இருந்ததுதான். ஆனால் நான் போன காரணம் அது இல்லை.

மூத்தவள் வேறொன்று கேட்டாள். "அப்பா, நீங்க செய்யிற வெப்சைட் எல்லாம் ஏன் இப்படி மொட்டையா இருக்கு? ஒரு பூ, ஒரு படம், ஒண்ணுமில்ல. கூட்டாளிமாருக்குக் காட்டவே வெக்கமா இருக்கு." அதற்கும் நான் சிரித்து மழுப்பினேன். இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். வாயால் சொன்னால் கோபம் வந்து பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் தபாலைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் பிறந்து வளர்ந்தது டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். லயத்து வீட்டுக்கு இலக்கம் கிடையாது. யார் பெயருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்து ஒபிசுக்குத்தான் போகும். அங்கே கிளாக்கருக்கு நேரம் கிடைத்து, அவர் அதைக் கங்காணியிடம் கொடுத்து, கங்காணி காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பெயரைக் கூப்பிட்டுக் கொடுக்கவேண்டும். கங்காணியின் சட்டைப்பையிலேயே கிடந்து மழையில் நனைந்து, பெயர் கரைந்து வந்த கடிதங்களும் உண்டு. நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லும் கடிதம், பரீட்சை முடிந்த பிறகு வரும். அதற்காக யாரும் ஒபிசுக்குப் போய்ச் சண்டை பிடித்ததில்லை. லயத்தில் ஒரு பகிடிதான் இருந்தது. யாருக்காவது நீளக் கடித உறை வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார்: "தபால் வந்துருச்சா? அப்ப வேல போயிருச்சு."

இந்தப் பகிடியைச் சொல்லிச் சிரித்து வளர்ந்தவர்கள் நானும் அவனும். அவன் என்றால் நீங்கள் மாமா என்கிற அந்த ஆள். லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பிரா வீடு அவனுடையது. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அவன் வீட்டில் கருவாடு பொரித்தால் எங்கள் வீட்டில் வெறும் சோறும் இறங்கிவிடும். ஓ.எல். பரீட்சை வரைக்கும் ஒன்றாகப் படித்தோம். பிறகு ஹற்றன் டவுனில் ஒரு கம்பியூட்டர் வகுப்புக்கும் ஒன்றாகவே போனோம். அதன் பிறகு டெலிபோன் பேசவும் போட்டோக்கொப்பி எடுக்கவும் ஆட்கள் வருகிற ஒரு கொமினிகேஷன் கடையில் இருவருக்குமே வேலை கிடைத்தது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து கொஞ்ச காலத்தில் அந்தக் கடைக்கு இன்டர்நெட் வந்தது.

அந்தப் பக்கத்தைச் செய்கிற யோசனை யாருக்கு முதலில் வந்தது என்று இப்போது நான் சண்டைக்கு வரமாட்டேன். இருவருக்கும் வந்தது. வேலை வெற்றிடம், பரீட்சைத் திகதி, நேர்முகத்துக்குக் கூப்பிடப்பட்டவர்களின் இலக்கம் எல்லாம் டவுனில் அரசாங்கக் கந்தோர்களின் பலகையில் ஒட்டுவார்கள். அதைப் பார்த்து எழுதிவந்து ஒரு பக்கத்தில் போட்டால், தோட்டத்துப் பிள்ளைகள் கிட்ட இருக்கிற டவுனுக்கு இறங்கி ஒரு கடையில் திறந்து பார்த்துக்கொள்ளலாம். தபாலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

ஆனால் பக்கம் திறக்கவேண்டுமே. அன்றைய இன்டர்நெட் டெலிபோன் லைனில் வருவது. நம் மலை ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைத் தண்டவாளம். சாமான் ரயில் ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தால், ஆட்களை ஏற்றிய ரயில் வட்டவளையில் நிற்கத்தான் வேண்டும். லைனும் அப்படித்தான். ஒரு பெரிய படம் ஏறிக்கொண்டிருந்தால் எழுத்தெல்லாம் பின்னால் நிற்கும். மழையோடு இடி இடித்தால் லைனே அறுந்துவிடும். பிறகு முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

அதற்கு நாங்கள் ஒரு சட்டம் வைத்திருந்தோம். கடைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே பால் விடாத பிளேன்டீ ஒன்று சொல்லிவிட்டு, அதே நேரத்தில் எங்கள் பக்கத்தின் விலாசத்தை அடிப்போம். பிளேன்டீ மேசைக்கு வருவதற்குள் பக்கம் முழுதாக வந்துவிடவேண்டும். டீ முந்திவிட்டால் அவன் கையைத் தட்டுவான்.

"டீ வந்துருச்சு மச்சான். எத தூக்கி எறியலாம் சொல்லு?"

அப்படித்தான் ஒவ்வொன்றாக எறிந்தோம். பின்னால் மங்கலாகப் போட்டிருந்த தேயிலைக் கொழுந்துப் படம் போனது. ஓடுகிற எழுத்து போனது. எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டுகிற பெட்டி போனது. எல்லாவற்றையும் ஒரே பெரிய கட்டத்துக்குள் அடைத்தால், அந்தக் காலத்துக் கம்பியூட்டர் கட்டம் முழுதும் வந்து சேரும் வரைக்கும் ஒன்றையும் காட்டாது. அதைக் கண்டுபிடித்தவன் அவன். கட்டத்தை உடைத்து, புதிய அறிவித்தலை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தான். கடைசியில் டீ தோற்றது. அன்றைக்குக் கடைக்காரரின் முன்னாலேயே இருவரும் குதித்தோம். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "டீ பிந்தினதுக்கு ஏண்டா சந்தோசப்படுறீங்க?" என்றார்.

எழுத்துக்கும் ஒரு வழி செய்தோம். அன்றைய கம்பியூட்டருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் எழுத்துருவை நாமே ஏற்றவேண்டும். இல்லாவிட்டால் எறும்பு ஊர்ந்த மாதிரித் தெரியும். அதனால் பலபேர் தமிழை எழுதிப் படமாக்கிப் போடுவார்கள். எங்கும் தெரியும், ஆனால் மூட்டை கனம். நாங்கள் அதைச் செய்யவில்லை. எழுத்துருவை பிளொப்பியில் எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி, கடை கடையாகப் போய் ஏற்றிக்கொடுத்தோம். டிக்கோயா, வட்டவளை, கினிகத்தேனை எல்லாம் முடிந்தது. கினிகத்தேனையில் கடை வைத்திருந்தது ஒரு சிங்கள அக்கா. பக்கம் திறந்த வேகத்தைப் பார்த்து, "மல்லி, ஷோக்!" என்றார். தம்பி, பிரமாதம் என்று அர்த்தம்.

இன்னொரு சட்டமும் இருந்தது. அதைச் சொன்னவனும் அவன்தான். நம் ஆட்களின் கூட்டங்களுக்கு நீங்கள் போயிருக்கிறீர்கள். காலையில் என்று போட்டிருப்பார்கள், தலைவர் பகலுக்கு வருவார். குத்துவிளக்கின் ஒவ்வொரு திரிக்கும் ஒவ்வொருவரைக் கூப்பிடுவார்கள். பிறகு மாலை, பிறகு பொன்னாடை, பிறகு உரை. பரிசு வாங்கவேண்டிய பிள்ளைகள் தாயின் மடியில் தூங்கிப்போயிருக்கும். "நம்ம பக்கத்துல வெளக்கு வேணாம், பொன்னாட வேணாம், உரை வேணாம்" என்றான் அவன். "வந்தவன் வந்த வேலையப் பாத்துட்டுப் போகட்டும்."

இந்தச் சமயத்தில்தான் உங்கள் அம்மா தோட்டப் பாடசாலை உதவி ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். எங்கள் கல்யாணம் முடிந்து, மூத்தவளே, நீ பிறந்திருந்தாய். லயத்தைவிட்டு வெளியே வருவதற்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே கதவு அந்த வேலைதான். எடுத்தால் அந்த முறை எடுக்கவேண்டும். அடுத்த முறைக்கு அவளுக்கு வயது கடந்துவிடும். உன்னைத் தூக்கிக்கொண்டு கினிகத்தேனைப் பக்கம் தாய்வீட்டுக்குப் போகிறபோது அவளுக்கு அந்தப் பயம்தான்.

"நேர்முகத்துக்குக் கூப்பிட்டா கடிதம் டிக்கோயா ஒபிசுக்குத்தானேங்க வரும். அது எப்ப என் கைக்கு வர?"

"கடிதத்தப் பாக்காத. கினிகத்தேனை அக்கா கடைக்குப் போயி பக்கத்தப் பாரு" என்றேன்.

அவனும் பஸ் நிலையத்துக்கு வந்திருந்தான். கூடப்பிறக்காவிட்டாலும் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான். "தங்கச்சி, ஒங்க நம்பர் போர்டுல வந்துச்சின்னா மொத வேலையா நான் போட்டுருவேன். நீங்க புள்ளயப் பாத்துக்கங்க" என்றான். அவள் கொண்டுவந்த பையை அவன்தான் பஸ்ஸில் ஏற்றிவைத்தான்.

அடுத்த கிழமை அவன் என்னை நுவரெலியாப் பக்கம் அனுப்பினான். கந்தப்பளை, ராகலை வரைக்கும் எழுத்துரு ஏற்றவேண்டும் என்றான். "நீ போனாத்தான் மச்சான் கடக்காரன் கேப்பான். எனக்கு அந்த வாயி இல்ல. இங்க நான் பாத்துக்கிறேன்." என் குடையின் கம்பி உடைந்திருந்தது. தன் குடையைக் கொடுத்தான். எனக்கு அது பெரிதாகப் பட்டது. இந்த மலையில் மழைக்காலத்தில் குடையைக் கொடுக்கிறவன் யார்?

நுவரெலியாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, கடை கடையாக ஏறினேன். எழுத்துருவை ஏற்றுவதற்காகக் கடைக்காரர்கள் லைனைத் தரமாட்டார்கள். அதனால் எங்கள் பக்கத்தின் பிரதியொன்றைப் பிளொப்பியில் வைத்திருந்தேன். அதைத் திறந்து காட்டுவேன். கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். "பாருங்க முதலாளி, ஒரு படம் இல்ல, ஒரு வெளக்கு இல்ல" என்று பெருமையடித்தேன். ஒரு காலை, கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, சேலை கட்டி, சான்றிதழ் பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பெண்பிள்ளைகள் கூட்டமாக மேட்டில் ஏறிப்போவதைப் பார்த்தேன். ஏதோ பரீட்சை போல என்று நினைத்தேன். மழை தூறியது. என் கையில் அவனுடைய குடை இருந்தது.

வேலை முடிந்ததும் ஹற்றனில் இறங்காமல், நேரே கினிகத்தேனைக்குப் போனேன், மூத்தவளே, உன்னையும் அம்மாவையும் கூட்டிவர. உன் அம்மா உனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு வாட்டம். நான் கால் கழுவி உட்கார்ந்ததும் கேட்டாள்.

"ஏங்க, அந்த வெளக்கு எதுக்குங்க?"

"எந்த வெளக்கு?"

"ஒங்க பக்கத்துல எரியுதே, அது."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "நம்ம பக்கத்துல வெளக்கு இல்லியே புள்ள" என்றேன்.

"இருக்குங்க. ஒரு திரி எரியுது, அப்புறம் ரெண்டாவது திரி எரியுது. நாதஸ்வரம் வேற, தொண்ட அடச்ச மாதிரி விட்டு விட்டு வருது. கடையில இருந்தவங்க 'யாருக்குக் கல்யாணம்?'னு கேட்டுச் சிரிச்சாங்க. மூணாவது திரி எரியுறதுக்குள்ள லைன் போயிருச்சு. அக்கா மறுபடி போட்டாங்க. மறுபடி மொதத் திரியிலருந்து எரியுது." அவள் உன் வாயைத் துடைத்தாள். "நல்ல மழ. இவ நனஞ்சி அழுகுறா. கடைசி பஸ்காரன் ஹோன் அடிக்கிறான். நான் என்னாங்க செய்ய? வந்துட்டேன். மறுநாளும் போனேன். அன்னைக்கும் வெளக்குதான் எரிஞ்சுச்சு."

நான் அவள் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தேன்.

"நம்பர் வந்திருந்தா நீங்க ரெண்டு பேரும் எப்புடியாச்சும் சொல்லி அனுப்பியிருப்பீங்கன்னு நெனச்சேன். அதான் பேசாம இருந்தேன்" என்றாள்.

அப்படியே எழுந்து டவுனுக்கு இறங்கினேன். கடையில் அக்கா என்னைக் கண்டதும் கையை விரித்தார். "ஐயோ மல்லி, முந்தி எவ்வளவு நல்லா வந்தது. இப்ப வெளக்கு மட்டும் வருது. ஆள் எல்லாம் எனக்கு ஏசுறாங்க." எனக்கு ஒரு பிளேன்டீ சொல்லிவிட்டு விலாசத்தை அடித்தார்.

டீ வந்தது. விளக்கில் ஒரு திரிதான் எரிந்திருந்தது. டீ ஆறியது. விளக்கு முழுதாக எரிந்து முடிந்த பிறகு, ஒரு தொழிற்சங்கத்தின் தலைவருடைய படம் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக இறங்கியது. முதலில் நெற்றியும் பொட்டும். பிறகு கண்ணாடி. பிறகு மீசை. பொன்னாடை இறங்கி முடிய நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குக் கீழே இன்னொரு படம். கழுத்தில் டை கட்டிச் சிரித்துக்கொண்டு அவன். 'இணையத்தள அமைப்பாளர்' என்று போட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, எழுத்தாகக்கூட இல்லாமல் படமாக, ஒரே பெரிய கட்டத்துக்குள் அறிவித்தல் இருந்தது. உதவி ஆசிரியர் நேர்முகம், இடம் நுவரெலியா. இலக்கங்களுக்கு நடுவில் உங்கள் அம்மாவின் இலக்கம். திகதி முடிந்துபோயிருந்தது.

அந்தத் திகதியில் நான் எங்கே இருந்தேன் என்று கணக்குப் பார்க்கவேண்டியிருக்கவில்லை. பைலை அணைத்துக்கொண்டு மேட்டில் ஏறிய பிள்ளைகள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

மறுநாள் காலையில் ஹற்றனில் கடையைத் திறக்கும்போதே நான் அங்கே நின்றேன். அவன் என்னைக் கண்டதும் சிரித்தான். பிறகு முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான்.

"பாத்துட்டியா? சொல்லணும்னுதான் இருந்தேன் மச்சான். தலைவர் ஐயா தெறந்து வச்சாரு. பெரிய விழா. படமெல்லாம் எடுத்தாங்க."

"அதான் தெறந்துதானே கெடந்துச்சு. அத எதுக்கு அவரு மறுபடி தெறக்கணும்?"

"வெறும் எழுத்த எப்புடிடா தெறந்து வைக்கிறது? பட்டன அமுத்துனா ஏதாச்சும் எரியணும்ல? மேடையில பெரிய மனுசன் நிக்கிறாரு. அவருக்கு முன்னால மொட்டப் பக்கத்தக் காட்டச் சொல்றியா?"

"எரிஞ்சுச்சா?"

"மண்டபத்துல நல்லாத்தான் எரிஞ்சுச்சு. கம்பியூட்டர்லயே ஏத்தி வச்சிருந்தேன்."

அவன் முட்டாள் இல்லை. லைனில் அது எப்படி வரும் என்று அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் லைனில் இல்லாமல் காட்டியிருக்கிறான்.

"ஒன் தங்கச்சி நம்பர் வந்திருக்கு" என்றேன்.

"போட்டேன்டா. சத்தியமா மொத நாளே போட்டேன். பாக்காதது யாரு தப்பு?"

"பச்சப் புள்ளயத் தூக்கிட்டு மழயில ரெண்டு நாள் போயிருக்கா. வெளக்கத்தான் பாத்துட்டு வந்திருக்கா."

அவன் போட்டோக்கொப்பி மெசினின் மூடியைத் திறந்தான், மூடினான். பழைய பக்கத்தை இப்போதே போடு, நான் போடுகிறேன் தள்ளு என்று கம்பியூட்டரில் உட்கார்ந்தேன். கடவுச்சொல் மாறியிருந்தது. எழுந்து அவன் பக்கம் திரும்பினேன்.

"நீ என்ன நுவரெலியாவுக்கு எதுக்கு அனுப்புன?"

நேரே பார்த்துச் சொன்னான். அந்த ஒன்றையாவது நேரே சொன்னான். "நீ இருந்திருந்தா விட்டிருப்பியா?"

சங்கம் டவுனில் புதிதாக ஒரு கம்பியூட்டர் நிலையம் திறக்கப்போகிறது, அதற்கு அவன் பொறுப்பாளர் என்பதைப் பிறகு கடை முதலாளிதான் எனக்குச் சொன்னார். எனக்கும் அங்கே ஒரு நாற்காலி போடுவதாக அவன் ஆள் அனுப்பினான். நான் போகவில்லை. அன்றைக்குக் குடையை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினேன். மழை கொட்டியது. டிக்கோயா வரைக்கும் நனைந்துகொண்டே நடந்தேன்.

உங்கள் அம்மாவின் கடிதம் அடுத்த கிழமை பெரட்டில் வந்தது. கங்காணி சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். அன்று மாலை நான் அதை அவள் கையில் கொடுத்தேன். அவள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தபால் வந்துருச்சு" என்றாள். மீதியை அவள் சொல்லவில்லை.

அடுத்த தடவை ஆள் எடுத்தபோது அவளுக்கு வயது கடந்திருந்தது. இன்று அவள் தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவத்தில் சின்னதுகளுக்கு எழுத்துக் காட்டிக்கொடுக்கிறாளே, அதற்கு ஆசிரியர் என்று பெயர் இல்லை. அவள் அதைப் பற்றி முறையிட்டதும் இல்லை.

நான் வேறொரு கடைக்குப் போனேன். வேறொரு பக்கம் செய்தேன். பிளொப்பியில் கிடந்த பழைய பிரதிதான் அதற்கு விதை. படம் இல்லை, பூ இல்லை, அறிவித்தல் மேலே. இன்றைக்கு லைன் எல்லாம் வேகமாகிவிட்டது, ஒரு படம் போட்டால் ஒன்றும் ஆகாது என்று சொல்கிறீர்கள். சரிதான். ஆனால் ஒரு பக்கத்தைச் செய்து முடித்ததும், மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி இதற்கு முன்னால் நிற்கிறாள் என்று நினைத்துப் பார்ப்பேன். பஸ்காரன் ஹோன் அடிக்கிறான். அப்போது என் கை தானாகவே பூவை அழித்துவிடும்.

அவன் இப்போது பெரிய ஆள். வருகிறான், உங்களுக்குச் சொக்லட் தருகிறான். உங்கள் அம்மா வரவேற்கிறாள். "வேல போனது எனக்கு. எனக்கே இல்லாத கோவம் ஒங்களுக்கு எதுக்குங்க?" என்று என்னிடம் கேட்கிறாள். ஒருமுறை அவன் அவளிடம், "மச்சானுக்கு இன்னும் மனசு எறங்கலியா தங்கச்சி?" என்று கேட்டானாம். "எறங்கிக்கிட்டுத்தாண்ணே இருக்கு. ஒங்க தலைவரு படம் மாதிரி, இப்பத்தான் நெத்தி தெரியுது" என்றாளாம். அவளுக்குச் சிரிக்க முடிகிறது.

எனக்கு முடியவில்லை. அதற்குக் காரணம் வேலை போனது மட்டும் இல்லை. தெரியாத ஒருவன் அந்த விளக்கைப் போட்டிருந்தால், பாவம் தெரியாமல் செய்துவிட்டான் என்று நானே போய்த் திருத்திக் கொடுத்திருப்பேன். இவனுக்குத் தெரியும். எதை எறிந்தால் பக்கம் சீக்கிரம் வரும் என்று என்னோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தவன். நாங்கள் எறிந்த அத்தனையையும் அவனே பொறுக்கி எடுத்து, கட்டத்தைத் திரும்ப ஒட்டி, தன் தங்கச்சியின் இலக்கத்தை அடியில் வைத்தான். என் வீட்டில் எதைப் பொரித்தாலும் அவனுக்கு மணக்கும் என்பதைப் போல, அவனுக்கு அது தெரிந்திருந்தது.

அதனால்தான் அவன் வந்தால் நான் இருப்பதில்லை. உங்கள் அம்மா கேத்தலை அடுப்பில் வைக்கிற சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவேன். போன மாதமும் அப்படித்தான். நான் பாத்தியில் குனிந்திருந்தபோது உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது. பழைய குரல்தான், பழைய மாதிரியே கையையும் தட்டினான்.

"டீ வந்துருச்சு மச்சான்!"

எனக்குக் கேட்டது. நான் கோவா இலையைப் புரட்டிப் புழுவைத் தேடிக்கொண்டிருந்தேன்.